முள் தெரியாமல் புழு கோர்த்த கோடை

அந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, என் குளியல் தொட்டி கொத்தமல்லியால் அடைத்துக்கொண்டது. தொட்டி நிறையத் தண்ணீர், இறங்க மாட்டேன் என்று நின்றது. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பழைய இரண்டு மாடி வீட்டின் மேல்தளத்தில் நான் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர்களுடைய சமையலறை என் தொட்டிக்கு நேர் கீழே இருந்தது. தண்ணீர் கசிந்து அவர்கள் குழம்பில் சொட்டுவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று படியிறங்கினேன்.

வீட்டுக்காரர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. குடிவந்த புதிதில் நான் அவரை சார் என்று கூப்பிட்டேன். தன்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, கேட்டால் பயமாக இருக்கிறது என்றார். அதிலிருந்து அவர் அண்ணை, அவர் மனைவி அக்கா. அடைப்பெடுக்கும் தடியோடு மேலே வந்தவர், தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தண்ணீரில் கொத்தமல்லிக் கட்டுகளும் வெந்தயக் கீரையும் அடர்த்தியாக மிதந்தன. நடுவில் ஒரு மீன்பிடி நரம்பு. நரம்பின் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை ரப்பர் புழு.

"தம்பி, சுகமா இருக்கிறியள்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

நான் மாயவரத்துக்காரன். எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைத்ததில்லை. மொன்றியலில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்குச் சோதிக்கிற வேலை. மற்றவர்கள் எழுதுவதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பேன். என் பக்கத்து நாற்காலியில் ஒரு கியூபெக்காரன். வடக்கே ஏதோ ஏரிக்கரையில் பிறந்தவன், மீன்பிடிப் பைத்தியம். வெள்ளிக்கிழமை தோறும் சனி ஞாயிறில் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பான். துணி துவைப்பேன் என்பேன். இரண்டு வருடம் இதே பதிலைக் கேட்டபின் அவனுக்கே பொறுக்கவில்லை. ஆற்றுக்கு வா என்று கூப்பிட்டான்.

நான் சைவம், மீனைக் கொல்ல மாட்டேன், உயிருள்ள புழுவை முள்ளில் குத்தவும் மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் போடுவது பிளாஸ்டிக் புழு, பிடிக்கிற பாஸ் மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவதுதான் வழக்கம், ஆகவே ஒருவருக்கும் சாவில்லை என்றான். ஓட்டை தேடுவதே என் தொழில். அந்த வாதத்தில் எனக்கு ஓர் ஓட்டையும் அகப்படவில்லை.

சிக்கல் மீனில் இல்லை, பாசியில் இருந்தது. பாஸ் என்பது பச்சை உடம்பும் பெரிய வாயும் உள்ள மீன். வெட்டவெளியில் நீந்தாது. அல்லி இலைகளுக்கு அடியில், நீர்க்கொடிகளுக்கு நடுவில், விழுந்த மரத்தின் கிளைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அந்த அடைசலுக்குள்தான் தூண்டிலைப் போட வேண்டும். நான் போட்டேன். ஒவ்வொரு முறையும் முள்ளில் ஒரு கைப்பிடிப் பாசி வந்தது. நண்பன் ஒவ்வொரு முறையும் "சாலட்" என்றான். மத்தியானத்துக்குள் என் காலடியில் ஒரு பந்திக்குப் போதுமான கீரை சேர்ந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் அவன் எனக்குப் புழு கோர்க்கக் கற்றுக்கொடுத்தான். அவனுடைய முறை நாசூக்கு முறை. மெல்லிய புழு, சின்ன முள், மெல்லிய நரம்பு, குண்டூசித் தலைபோல் ஒரு துளி ஈயம். அடைசலுக்குள் பெரிய இரையைத் தொப்பென்று போட்டு மீனை மிரட்டுகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. முள்ளின் முனையைப் புழுவின் தலையில் குத்தி, ஒரு நெல் நீளம் உள்ளே விட்டு, பக்கவாட்டில் வெளியே எடுக்க வேண்டும். முள்ளின் கழுத்தில் உள்ள வளைவு தலைக்குள் போய் உட்காரும்வரை இழுக்க வேண்டும். பிறகு முள்ளைத் திருப்பி, புழுவின் உடம்போடு சேர்த்துப் பிடித்து, அது எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் குத்தி முதுகுப் பக்கம் எடுக்க வேண்டும். கடைசியாக, வெளியே வந்த முனையைப் புழுவின் தோலுக்கு அடியில் இலேசாகச் செருகிவிட வேண்டும். இப்போது வெளியிலிருந்து பார்த்தால் முள்ளே இல்லை. பாசி பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கடித்தால் மட்டும் மெத்தென்ற உடம்பு நசுங்கி முனை வெளியே வரும்.

கேட்பதற்கு எளிது. நான் கோர்த்த புழு கோணலாக இருந்தது. கோணலான புழு தண்ணீரில் விசிறிபோல் சுற்றி, நரம்பையும் முறுக்கிவிடும். நேராக்கினால் முனை ஆழமாகப் போய்விட்டது. அப்படிக் கோர்த்தால் மீன் கடித்துவிட்டுத் துப்பிவிடும். முனையை மேலே கொண்டுவந்தால் மறுபடி சாலட். அந்தப் புழுக்களை வேறு பூண்டு வாசனையில் ஊறப்போட்டிருந்தார்கள், மீனுக்குப் பிடிக்குமாம். பக்கத்து மேசைக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு புழுவைப் பார்க்கவில்லை, என் சாம்பார் டப்பாவைப் பார்த்தார்கள்.

சோதனைக்காரன் புத்தி எனக்கு. ஒவ்வொரு கோர்ப்பையும் சோதிக்க ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருப்பானேன் என்று தோன்றியது. தெருமுனைக் கடையில் வாடிப்போன கொத்தமல்லி, வெந்தயக் கீரைக் கட்டுகளைச் சும்மா தூக்கிக் கொடுத்தார்கள். தொட்டியை நிரப்பி, கட்டுகளை மிதக்கவிட்டு, குளியலறை வாசலில் நின்று புழுவை வீசி இழுத்தேன். கொத்தமல்லித் தண்டு ஆற்றுக்கொடியைவிட மோசம், எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அன்று காலை வரிசையாக நாலைந்து வீச்சில் ஓர் இலைகூட ஒட்டாமல் புழு வெளியே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கினேன்.

இவ்வளவையும் அண்ணை பொறுமையாகக் கேட்டார். முள் எப்படி ஒளிந்திருக்கிறது என்று புழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"பிடிச்ச மீனை என்ன செய்யிறியள்?"

"விட்டுடுவேன் அண்ணை."

"எங்க?"

"ஆத்துலயேதான்."

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பாஸ் எப்படி இருக்கும் என்று கேட்டார். நான் அவருக்குப் புரியட்டும் என்று, படத்தில் பார்த்த கொடுவா மாதிரி இருக்கும் என்றேன். அது நான் செய்த தப்பு. கொடுவா என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அடைப்பை எடுத்துக்கொண்டே, நாளைக்குப் பூசை முடிந்ததும் தானும் வருவதாகவும், வேனில் போகலாம் என்றும் சொன்னார். நான் சரி என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. தொட்டியில் தண்ணீர் இறங்கியது. அவர் படியில் இறங்கிப் போகும்போதே அக்காவிடம் தேங்காய் இருக்கிறதா என்று கேட்பது எனக்குக் கேட்டது.

மறுநாள் கோவிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்தார். மீன்பிடிக்கிற பரம்பரையா என்று வேனில் விசாரித்தேன். இல்லை, அப்பா தபால் கந்தோரில் இருந்தவர், தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மீனைச் சாப்பிடத்தான் தெரியும் என்றார். ஆனால் ஆயத்தம் பலமாக இருந்தது. யாரோ வீட்டு வாசலில் விற்ற பழைய தூண்டில் ஒன்று, ஐஸ் பெட்டி, ஒரு துவாலை, செதில் எடுக்கும் கத்தி, மஞ்சளும் உப்பும் கலந்த ஒரு பொட்டலம், இரைக்கென்று அக்காவின் பிரிட்ஜிலிருந்து ஒரு பை இறால். பிளாஸ்டிக்கைக் கடிக்கிற மீனுக்கு அறிவு குறைவு, இறாலைக் கண்டால் அறிவுள்ள மீன்களும் வரும் என்பது அவருடைய கட்சி.

அஹுன்ட்சிக்கைத் தாண்டி கார்ட்டியர்வில் பக்கம், ஆறு கொஞ்சம் உள்ளே வளைந்து தேங்குகிற இடம் ஒன்றை நண்பன் எனக்குக் காட்டியிருந்தான். கரையில் சாய்ந்த ஒரு மரம், அதைச் சுற்றி அல்லி இலை, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டுமட்டும் கொடி. அண்ணை வெறும் முள்ளில் இறாலைக் கோர்த்து வீசினார். முதல் வீச்சில் கொடி. இரண்டாவதில் அல்லித் தண்டு. மூன்றாவது நேராக மரத்தில் ஏறி உட்கார்ந்தது. நரம்பு அறுந்தது. அடுத்த முள்ளைக் கட்டினார். அதுவும் மரத்துக்கே போயிற்று. கொஞ்ச நேரத்தில் அந்த மரத்தில் இறால் காய்த்ததுபோல் நாலு இடத்தில் தொங்கியது.

நான் என் புழுவைக் கோர்த்தேன். தலை, கழுத்து, திருப்பம், முதுகு, தோலுக்கடியில் முனை. நேராக இருந்தது. மரத்தின் கிளை தண்ணீரைத் தொடுகிற இடத்தில் போட்டேன். ஓர் அல்லி இலைமேல் விழுந்து, அதிலிருந்து வழுக்கி, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. நண்பன் திரும்பத் திரும்பச் சொன்னது, ஒன்றும் செய்யாதே என்பதுதான். ஆட்டாதே, இழுக்காதே, போட்டுவிட்டுச் சும்மா நில். சும்மா நிற்பது எனக்கு வரும். அண்ணைக்கு வராது.

"இழுங்கோவன் தம்பி."

"பொறுங்க அண்ணை."

"நித்திரையாப் போச்சோ அது?"

நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. இழுப்பு ஒன்றும் தெரியவில்லை. யாரோ மெதுவாக எடுத்துக்கொண்டு நடப்பதுபோல் நகர்ந்தது, அவ்வளவுதான். கம்பைத் தாழ்த்தி, தொய்வைச் சுருட்டி, ஓங்கி மேலே தூக்கினேன். கம்பு வளைந்தது. இதற்குமுன் நண்பனோடு போன ஞாயிறுகளில் நான் பிடித்தவை இரண்டே இரண்டு, இரண்டும் என் உள்ளங்கைக்குள் அடங்கியவை. இது என்னை இழுத்துக்கொண்டு மரத்துக்குள் போகப் பார்த்தது. நான் பின்னால் நடந்தேன். அண்ணை தன் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு, கோவில் சட்டையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். மீன் ஒருமுறை மேலே துள்ளியது. அதன் பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கடைசியில் மீன் என் நரம்பிலும் அவர் துவாலையிலுமாக இருந்தது.

நல்ல பெரிய மீன். முள் மேலுதட்டில் சுத்தமாக ஏறியிருந்தது. நானும் தண்ணீரில் இறங்கி முள்ளைக் கழற்றினேன். கழற்றிவிட்டு, விட்டுடுங்க அண்ணை என்றேன்.

அவர் மீனைக் குழந்தையை அணைப்பதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அக்கா தேங்காய் திருவி வைத்துவிட்டாள் என்றார். நான் பிடித்தது என்றேன். தண்ணீரில் இறங்கியது யார் என்று கேட்டார். கொன்றால் சைவக்காரனான எனக்குப் பாவம் என்றேன். கறி வைத்துத் தின்பவன் தான்தானே, பாவம் தன் கணக்கில் வரட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவத் தனக்கு இடம் இருக்கிறது என்றார். இப்படி நாங்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் மீனுக்கு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, கரையிலிருந்து யாரோ "பொன்ஜூர்" என்றார்கள்.

பச்சைச் சீருடை போட்ட ஓர் இளம் பெண். மீன்வளத் துறை அதிகாரி. பெர்மிட் கேட்டாள். நான் என்னுடையதை எடுத்துக் காட்டினேன். அவள் அண்ணையைப் பார்த்தாள், பிறகு கரையில் கிடந்த இரண்டாவது தூண்டிலைப் பார்த்தாள், பிறகு மரத்தில் தொங்கிய இறால்களைப் பார்த்தாள். அண்ணையிடம் பெர்மிட் இல்லை. தூண்டிலுக்குப் பெர்மிட் வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் வேனில் கொடுவாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்ததில் அதைச் சொல்ல மறந்துபோயிருந்தேன்.

கியூபெக் மாகாணத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் பெர்மிட் வைத்திருந்தால், அவருடைய கணவனோ மனைவியோ அதே பெர்மிட்டில் மீன் பிடிக்கலாம். அதிகாரிக்கு எங்களைத் தண்டிக்க ஆசை இல்லை என்று நினைக்கிறேன். ஆற்றில் இரண்டு ஆண்கள் நின்று, ஒரு மீனைப் பற்றி, நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் மட்டுமே போடக்கூடிய ஒரு சண்டையைப் போட்டுக்கொண்டிருப்பதை அவள் கொஞ்ச நேரமாகவே பார்த்திருக்க வேண்டும். மிகவும் கனிவாக அண்ணையைக் கேட்டாள், இவர் உங்கள் கோன்ஜ்வேனா என்று.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். ஆபீஸ் காப்பீட்டுப் படிவத்தில் இருந்தது. சட்டப்படி துணையாக வாழ்கிறவர் என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை முந்திக்கொண்டார். அவருக்கு அது பாங்கில் கேட்ட ஜாயின்ட் என்ற சொல்போலக் காதில் விழுந்திருக்கிறது. இருவரும் கூட்டாக வந்தீர்களா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

"வீ, வீ," என்றார் தலையை ஆட்டி. "மேம் மெசோன்."

ஆமாம், ஆமாம், ஒரே வீடு. அதை நிரூபிக்கத் தன் டிரைவிங் லைசென்ஸையும் எடுத்து நீட்டினார். அவள் இரண்டு அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். தெருவும் கதவு எண்ணும் ஒன்றாக இருந்தன. எத்தனை வருடமாக என்று கேட்டாள். இரண்டு வருடம் என்றார் அண்ணை பெருமையோடு, ஒரு சண்டை சச்சரவு இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் சிரித்தாள். மீனை அளந்து பார்த்தாள், நல்ல மீன் என்று பாராட்டினாள். இதை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டாள்.

அண்ணை "மா ஃபாம்" என்று ஆரம்பித்தார். என் மனைவி என்று அர்த்தம்.

"கறி," என்றேன் நான், வேகமாக. "கறி வைப்போம்."

நான் வாழ்நாளில் பேசிய ஒரே அசைவ வாக்கியம் அது. அவள் எங்கள் இருவருக்கும் நல்ல ஞாயிறு அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு, பாதையில் நடந்து போனாள். கறி வைப்போம் என்று ஓர் அதிகாரி முன்னால் சொல்லிவிட்டேன், இனி விடச்சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. மீன் ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. திரும்பி வரும்போது அண்ணை அந்தப் பெண்ணைப் பற்றியே பேசினார். அரசாங்க உத்தியோகத்தில் இவ்வளவு மரியாதையாகக் கதைக்கிற ஆளைத் தான் இந்த ஊரில் கண்டதே இல்லையாம்.

அன்று மாலை வீடு முழுக்க மீன்குழம்பு மணந்தது. அக்கா எனக்கென்று தனிச் சட்டியில் பயற்றங்காய்க் கறி வைத்து மேலே அனுப்பினாள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கீழே அண்ணை நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீரில் இறங்கியது, மீன் துள்ளியது, அதிகாரி வந்தது எல்லாம் எனக்குக் கேட்டது. பிறகு அவர் அந்தப் பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னார். உடனே அவருடைய மகளின் சிரிப்பு கேட்டது. அவள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறவள், பிரெஞ்சுதான் அவளுக்கு முதல் மொழி. மூச்சு வாங்காமல் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். பிறகு தமிழில் ஏதோ விளக்கினாள். அக்காவும் சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணையின் குரல் மட்டும் கேட்கவே இல்லை.

அடுத்த சில நாட்கள் நான் படியிறங்கும் நேரங்களில் அவருடைய கதவு மூடியே இருந்தது. அக்கா மட்டும் என்னைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போவாள். வியாழக்கிழமை அவரே மேலே வந்தார். தொட்டி அடைப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்றேன். குளியலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்கு அப்பவே விளங்கினதோ?"

"விளங்கிச்சு அண்ணை."

"பேந்து ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா உங்களுக்கு அபராதம் போட்டிருப்பாங்க. மீனையும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

அவர் இதை யோசித்தார். அபராதம் அவரைப் பெரிதாக அசைக்கவில்லை. மீனை எடுத்திருப்பார்கள் என்பதில் நின்றார். பிறகு, செய்தது சரிதான் என்றார். ஆனால் வேறொன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது. அர்த்தம் தெரியாமல் ஓம் என்றது பொய்யில் சேருமா, பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டி வருமா என்று என்னைக் கேட்டார். இதைச் சாமியாரிடம் அல்லவா கேட்க வேண்டும் என்றேன். சாமியாரிடம் கேட்டால் முழுக்கதையையும் சொல்ல வேண்டி வரும், கோவிலுக்கு வருகிற எல்லோரையும் தெரிந்தவர் அவர் என்றார். தெரியாமல் சொன்னது பொய் இல்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. சட்டைப்பையிலிருந்து புத்தம் புதிய பெர்மிட் ஒன்றை எடுத்துக் காட்டினார். இனி அக்காவையும் கூட்டிப் போகலாம், சட்டப்படி, என்றார். அக்கா கொசுவுக்குப் பயந்து கடைசிவரை வரவில்லை.

அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் போனோம். இறால் மூன்றே வாரத்தில் நின்றுபோயிற்று. புழு கோர்க்க அவர் கற்றுக்கொண்டார், என்னைவிடச் சீக்கிரம். ஆனால் முனையை மறைக்க மட்டும் அவருக்கு மனம் வராது. மீனுக்கு முள் போய்ச் சேர வேண்டுமே என்று பதறி, ஒரு மயிரளவு வெளியே விட்டுவிடுவார். பாதி நாள் பாசிதான் வரும். சும்மா நிற்கவும் ஒருவாறு பழகிக்கொண்டார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டால் முடிகிறது என்றார். தூண்டிலைத் தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொள்வார்.

மீனைப் பற்றி ஓர் ஒப்பந்தத்துக்கும் வந்தோம். யார் பிடித்தாலும் சரி, ஒன்று அவர் சட்டிக்கு, அடுத்தது எனக்கு, ஆற்றில் விட. முறை மாறாமல் வர வேண்டும். ஆகஸ்டில் ஒரு நாள் அவர் முறைக்கு வந்தது விரல் நீள மீன். அது ஒரு தேக்கரண்டி குழம்புக்கும் காணாது, அவரே அதை வெறுப்போடு தண்ணீரில் போட்டார். போட்டாலும் முறை முறைதான். அதற்குப் பிறகு அதே மரத்தடியில் என் புழுவைக் கவ்விக்கொண்டு வந்தது முதல் மீனைவிடப் பெரியது. அதை நான் கரைக்குக் கொண்டுவந்தபோது அண்ணை தண்ணீரில் இறங்கவில்லை. துவாலையைத் தொடவும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டி, ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வேன் நிற்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கையை நனைத்துக்கொண்டு, கீழுதட்டில் பிடித்து, முள்ளை எடுத்தேன். மீனைத் தண்ணீரில் தாழ்த்திப் பிடித்தேன். அது அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் என் கையிலேயே செவுள் அடித்துக்கொண்டு கிடந்தது.

"போயிட்டுதோ?" என்றார் அவர், திரும்பாமல்.

"இன்னும் இல்ல அண்ணை."

"கெதியா விடுங்கோ தம்பி," என்றார். "எனக்குப் பசிக்குது."